காலால் பெடல் மிதிக்க முடியாத விமானி எந்தக் கிளைடரை எடுப்பது?

இன்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானமான கிளைடரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னே போகும் தூரம்), இறக்கை நீளம், விலை. வால் சுக்கானான ரட்டரைக் கையால் இயக்க வேண்டிய விமானி முதலில் பார்க்க வேண்டியது காக்பிட்டின் இடது பக்கச் சுவர். அங்கே எத்தனை பிடிகள் இருக்கின்றன, எந்த நேரத்தில் எது தேவைப்படும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை போக எவ்வளவு நேரமாகும் என்று எண்ணிப் பாருங்கள். பொருந்துமா பொருந்தாதா என்பது பெரும்பாலும் அந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

வழக்கமான கிளைடரில் வலது கை, கட்டுப்பாட்டுத் தண்டான ஸ்டிக்கை விட்டு நகராது. இழுவைக் கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் நிற டோ ரிலீஸ், உயரத்தைக் குறைக்க உதவும் நீல நிற ஏர்பிரேக், ஸ்டிக்கின் விசையைச் சமன்செய்யும் பச்சை நிற டிரிம், சிலவற்றில் இறக்கையின் வளைவை மாற்றும் ஃபிளாப், இன்னும் சிலவற்றில் சக்கரத்தை மடக்கும் லீவர் என்று மற்ற எல்லாம் இடது கையின் பொறுப்பு. ரட்டரை மட்டும் கால்கள் பார்த்துக்கொள்ளும். கால்கள் ஒத்துழைக்காதபோது ரட்டரும் இடது கைக்கே வருகிறது. மற்ற வேலைகள் எப்போதாவது வருபவை. ரட்டர் அப்படியில்லை, ஏறியது முதல் இறங்குவது வரை விடாமல் கேட்கும். எனவே இடது கையிடம் மிகக் குறைவான வேலையை ஒப்படைக்கும் கிளைடர்தான் உங்களுக்கு நல்ல கிளைடர்.

கை ரட்டரின் வகைகள்

அதிகம் காணப்படுவது இடது பக்கச் சுவரை ஒட்டி முன்னும் பின்னும் நகரும் லீவர். அது ரட்டர் கேபிளோடு அல்லது பெடலோடு ஒரு தண்டால் இணைக்கப்பட்டிருக்கும். தோளையும் முழங்கையையும் சேர்த்துத் தள்ளலாம் என்பதால் விசைக்குப் பஞ்சமிருக்காது. இரண்டாவது வகையில் ஏர்பிரேக் பிடியும் ரட்டர் பிடியும் ஒன்றாகவே இருக்கும்: இழுத்தால் பிரேக், பக்கவாட்டில் சாய்த்தாலோ திருகினாலோ ரட்டர். கையை மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் பலம். பதற்றத்தில் ஒன்றை அசைக்கும்போது மற்றதும் சேர்ந்து அசைவது இதன் பலவீனம். மூன்றாவது, ஸ்டிக்கின் தலையிலேயே வளையமோ சிறு கொம்போ வைப்பது. இதில் இடது கை முழுவதுமாக விடுபடும், ஆனால் மணிக்கட்டின் வலுவை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். முழு ரட்டரைப் பல நொடிகள் பிடித்திருக்கும்போது அது சோர்ந்துவிடும். கை விரல்களிலும் பலம் குறைந்தவர்களுக்கு இது சரிப்படாது.

லீவரை முன்னே தள்ளினால் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஊகித்துக்கொள்ளாதீர்கள். இடது பெடலுக்குப் பதிலாக நிற்கும் லீவரை முன்னே தள்ளினால் இடது ரட்டர் வருவது ஒரு தர்க்கம். வேறு வடிவமைப்பில் அது தலைகீழாகவும் இருக்கலாம். புதிய கிளைடரில் உட்கார்ந்ததும் ஒருவரை வாலருகே நிறுத்தி, நீங்கள் தள்ளத் தள்ள ரட்டர் போகும் திசையைச் சொல்லச் சொல்லுங்கள். லீவருக்குப் பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டாமல் பறக்க வேண்டாம்.

அடுத்தது முழு வீச்சு. தோள் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு லீவரைக் கடைசிவரை தள்ளுங்கள், பிறகு கடைசிவரை இழுங்கள். இரண்டு பக்கமும் ரட்டர் அதன் சொந்தத் தடுப்பில் போய் முட்ட வேண்டும். லீவர் முதலில் முட்டி ரட்டர் பாதி வழியில் நின்றால் அந்தக் கிளைடரில் சுழல் வீழ்ச்சியிலிருந்து மீள முடியாமல் போகலாம். மீட்பின் முதல் படியே எதிர்ப்பக்க முழு ரட்டர்தான், ஸ்டிக்கை முன்னே தள்ளுவது அதற்குப் பிறகு. பெல்ட் தளர்வாக இருந்தபோது எட்டிய லீவர் இறுக்கியதும் இரண்டு விரற்கடை தள்ளிப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. ரட்டரின் பின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு சோதனை உராய்வு. பறக்கும்போது லீவரைக் கைவிட்டால், காற்றோட்டம் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கூடுதல் தண்டுகளும் மூட்டுகளும் இறுக்கமாக இருந்தால் விட்ட இடத்திலேயே ரட்டர் நின்றுவிடும். ஏர்பிரேக்கைத் தொடப் போகும் ஒவ்வொரு முறையும் கிளைடர் பக்கவாட்டில் வழுக்கும். காக்பிட்டின் கண்ணாடி மூடியான கேனோபியில் ஒட்டியிருக்கும் நூல் இதைக் காட்டிக்கொடுத்துவிடும்: கையை எடுத்த இரண்டொரு நொடியில் நூல் நேராக வேண்டும். வராவிட்டால் மூட்டுகளை ஆராய வேண்டும், அல்லது நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏர்பிரேக்: மோதல் இங்கேதான்

தரையிறங்கும் கடைசி அரை நிமிடத்தில் ஏர்பிரேக்கும் ரட்டரும் ஒரே கையைக் கேட்கும். இறக்கையின் மேற்பரப்பில் எழும் தகடுகளைப் பூட்டிலிருந்து விடுவித்தால் காற்று அவற்றை மேலே உறிஞ்சி முழுதாகத் திறக்கப் பார்க்கும். பாதி திறந்து வைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது பாதியிலேயே நிற்கும் என்று நம்பக் கூடாது. அதனால் ஏர்பிரேக் தண்டில் பற்களோ நிறுத்தப் பள்ளங்களோ இருக்கின்றனவா என்று பாருங்கள். பிடியைத் திருப்பினால் பல்லில் மாட்டி, அங்கேயே நிற்க வேண்டும். பொருத்தப்பட்ட கை ரட்டரோடு இது இல்லாத கிளைடரை, மற்ற எல்லாம் பிடித்திருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது.

இந்த வசதி இருந்தால் நடைமுறை எளிது. இறங்கும் முன் ஓடுபாதைக்கு இணையாகக் காற்றுத் திசையோடு போகும் கட்டத்திலேயே பூட்டை விடுவித்துப் பாருங்கள். கடைசித் திருப்பம் முடிந்து ஓடுபாதை நேராக வந்ததும் பாதி திறந்து பல்லில் மாட்டி, கையை ரட்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உயரத்தைத் திருத்த இரண்டு மூன்று முறை மட்டும் பிரேக்குக்குப் போய்வரலாம். கடைசி 10 மீட்டரில் கை ரட்டரிலேயே இருக்கட்டும். பிரேக் பிடிக்கும் ரட்டர் பிடிக்கும் இடைவெளி ஒரு கையகலத்துக்குள் இருந்தால் இந்தப் போக்குவரத்து கண்ணை வெளியிலிருந்து எடுக்காமலே நடக்கும். குனிந்தோ பின்னால் துழாவியோ தேட வேண்டிய பிடி ஆபத்தானது.

பக்கக் காற்றில் விஷயம் இன்னும் இறுகும். மூக்கைக் காற்றுக்குள் திருப்பி நண்டு நடையாக வந்து, தொடும் கணத்தில் ரட்டரால் நேராக்கும் முறையே கை ரட்டருக்கு ஏற்றது, அந்த ஒரு கணத்துக்கு மட்டும் ரட்டர் போதும். ஒரு இறக்கையைச் சாய்த்துக்கொண்டே வருவதற்குத் தொடர்ந்து எதிர் ரட்டர் பிடித்திருக்க வேண்டும், பிரேக்கைத் தொடவே வழியிருக்காது. கையேட்டின் பக்கக் காற்று வரம்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தொடக்கத்தில் அதில் பாதியை உங்கள் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது

ஓட்டத்தின் முதல் சில நொடிகளில் வேகம் இல்லாததால் ரட்டருக்குப் பலம் இருக்காது, முழு வீச்சும் தேவைப்படும். அதே நொடிகளில்தான் இறக்கை தரையில் சாயலாம், உடனே இழுவைக் கேபிளை விட வேண்டியிருக்கும். மற்ற விமானிகள் இடது கையை மஞ்சள் பிடிமேல் வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் கை லீவரில் இருக்கும். எனவே ரிலீஸ் லீவரிலேயே இருக்க வேண்டும், அல்லது லீவரைப் பிடித்தபடியே ஒரு விரலால் இழுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் குமிழ் கருவிப் பலகையின் நடுவில் இருந்தால் அதை நீட்டிக்கொள்ளும் அங்கீகரிக்கப்பட்ட மாற்றம் உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். குமிழில் கயிறு கட்டி இழுத்துக்கொள்வது போன்ற வீட்டு வைத்தியம் வேண்டாம், அது ஸ்டிக்கில் சுற்றிக்கொள்ளும்.

இழுவைக் கயிறு மாட்டும் கொக்கி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். விமானத்தால் இழுக்கப்படுவதாக இருந்தால் மூக்கில் கொக்கி உள்ள கிளைடரையே தேர்ந்தெடுங்கள். முன்னாலிருந்து இழுக்கும்போது கிளைடர் தானே நேராக நிற்கும், ரட்டர் வேலை வெகுவாகக் குறையும். எடை மையத்துக்கு அருகில் அடிவயிற்றில் உள்ள கொக்கி, தரையில் நின்று கேபிளைச் சுற்றி இழுக்கும் இயந்திரமான வின்ச்சுக்கானது. அதில் விமானத்தின் பின்னால் போனால் மூக்கு இங்கும் அங்கும் அலையும், ஒவ்வோர் அலைவையும் உங்கள் கை திருத்த வேண்டும். அடிக்கொக்கி மட்டும் உள்ள பழைய ஒற்றை இருக்கைக் கிளைடர்கள் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்து மயங்காதீர்கள்.

மற்ற லீவர்கள்

ஃபிளாப் இல்லாத கிளைடராக இருக்கட்டும். 15 மீட்டர் இறக்கையோடு ஃபிளாப் இல்லாதவை ஸ்டாண்டர்டு கிளாஸ் எனப்படும். முதல் ஒற்றை இருக்கைக்கு அதுவே போதும். ஃபிளாப் தரும் ஒன்றிரண்டு புள்ளி சறுக்கு விகிதத்துக்காக இடது கைக்கு நாலாவது லீவரைக் கொடுக்கத் தேவையில்லை.

டிரிம் ஸ்டிக்கிலேயே ஒரு விசையாக இருந்தால் அது பெரிய வரம். விசையை அழுத்தி, வேண்டிய வேகத்தில் விட்டால் டிரிம் ஆகிவிடும். எல்எஸ்4 என்ற ஒற்றை இருக்கைக் கிளைடர் இப்படிப்பட்டது. ரேடியோ பேச்சுப் பொத்தானும் ஸ்டிக்கில் இருக்கட்டும்.

மடங்கும் சக்கரம் இருந்தால் அதன் லீவர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வலது பக்கம் என்றால் ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றி, வலது கையால் சக்கரத்தை இயக்க வேண்டும். அந்த நேரத்தில் ரட்டரைப் பிடிக்க யாருமில்லை. டோவிலிருந்து விடுபட்டு நேராகப் பறக்கும்போது செய்தால் சமாளிக்கலாம். ஆனால் நிலையான சக்கரம் உள்ள கிளைடரில் இந்தக் கேள்வியே எழாது, இறக்க மறந்தேன் என்ற பேச்சும் இராது. சக்கர பிரேக் குதிகாலால் அழுத்துவதாக இருந்தால் அந்தக் கிளைடர் உங்களுக்கானது அல்ல. ஏர்பிரேக் லீவரின் கடைசி இழுப்பில் சக்கர பிரேக் பிடிப்பதோ, ஸ்டிக்கில் சைக்கிள் பிரேக் போல ஒரு பிடி இருப்பதோ நல்லது. இரண்டில் ஸ்டிக் பிடியே மேல், தரையில் உருளும்போது இடது கை ரட்டரிலேயே இருக்கலாம்.

இறக்கை நீளம்

கிளைடரைச் சாய்க்க இறக்கையின் பின் விளிம்பில் உள்ள தகடான ஏலிரானை அசைத்தால் கீழிறங்கும் ஏலிரான் உள்ள இறக்கைக்கு இழுவை கூடி, மூக்கு திரும்ப வேண்டிய திசைக்கு எதிராக விலகும். அதைத் திருத்துவதே ரட்டரின் முக்கிய வேலை. இறக்கை நீள நீள இந்த விலகல் பெருகும், திருப்பம் மெதுவாகும், ரட்டரை அதிக நேரம் பிடித்திருக்க வேண்டும். மேலெழும் வெப்பக் காற்றில் ஒரு மணி நேரம் சுற்றினால் தோள் சொல்லிவிடும். 15 முதல் 18 மீட்டர் வரை இதமான அளவு. 20 மீட்டருக்கு மேல் போவது கை பழகிய பிறகு.

இரட்டை இருக்கையில் ஏஎஸ்கே 21 இந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது. 1979இல் முதலில் பறந்தது, 17 மீட்டர் இறக்கை, ஃபிளாப் இல்லை, சக்கரம் நிலையானது, சக்கர பிரேக் ஏர்பிரேக் லீவரின் முடிவில். கை ரட்டர் பொருத்தியவை பல நாடுகளில் பயிற்சியில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் போர்ட்மோக்கில் மாற்றுத்திறனாளிகள் பறக்க உதவும் வாக்கிங் ஆன் ஏர் என்ற அமைப்பு இந்த வகையைத்தான் பயன்படுத்துகிறது. ஒற்றை இருக்கைக்குத் தாவும் முன் இப்படி ஒன்றில் பயிற்சியாளரோடு பறந்து கையைப் பழக்குவது அவசியம். பின் இருக்கையில் பெடல் இயங்க வேண்டும், பயிற்சியாளர் காலால் உங்கள் லீவரை மீறித் திருத்த முடிய வேண்டும்.

உட்காரும் விதம்

செயலிழந்த கால்கள் சும்மா கிடப்பதில்லை. முழங்கால் வெளிப்பக்கம் சரிந்து ஏர்பிரேக் தண்டில் இடிக்கும், உட்பக்கம் சரிந்து ஸ்டிக்கை மறிக்கும், தசை வெட்டி இழுத்தால் பெடலை உதைக்கும். பெடல்களைத் துண்டிக்கவோ அவற்றின் முன் தடுப்புத் தகடு வைக்கவோ வசதி வேண்டும். பாதங்களைத் தாங்க ஒரு தட்டு, தொடைகளைச் சேர்த்து வைக்க அகலமான பட்டை. பட்டையை ஒரே இழுப்பில் பிரிக்க முடிய வேண்டும், குதிக்க நேர்ந்தால் அது உங்களை உள்ளே பிடித்துவைத்துவிடக் கூடாது. எல்லாம் கட்டிய பிறகு ஸ்டிக்கை நாலு மூலைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

சக்கர நாற்காலியின் காற்றுமெத்தையை அப்படியே கிளைடருக்குக் கொண்டுவருவது பலர் செய்யும் தவறு. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதம்தான். மெத்தைக்குள் அடைபட்ட காற்று விரியும், நீங்கள் மேலே எழும்புவீர்கள், பெல்ட் இறுகும், தலை கேனோபியைத் தொடும். பஞ்சுபோன்ற நுரையும் ஆகாது. கடினமாகத் தரையிறங்கும்போது முதலில் அமுங்கி, பிறகு எகிறி முதுகெலும்பைத் தாக்கும். மெதுவாக அமுங்கி மெதுவாகவே மீளும் ஆற்றல் உறிஞ்சும் நுரைதான் சரி, 2 முதல் 3 செ.மீ. தடிமன் போதும். உணர்ச்சி இல்லாத தோலுக்கு இருக்கையின் தையலும் பாராசூட் பட்டையின் கொக்கியும் எதிரிகள். முதல் பறப்பை 30 நிமிடத்தில் முடித்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணியில் மறைந்தால் அடுத்ததைக் கொஞ்சம் நீட்டலாம்.

மார்பின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு நிறைந்த சிறுநீர்ப்பை திடீர் இரத்த அழுத்த உயர்வைக் கிளப்பலாம், தலை வெடிப்பதுபோல் வலிக்கும். காயத்துக்குக் கீழே வியர்வையும் சரியாக வராது, கேனோபிக்குள் வெயில் சீக்கிரம் தாக்கும். சிறுநீர்ப் பைக்கும் அதன் குழாய்க்கும் பெல்ட் அழுத்தாத இடம், நல்ல காற்றோட்டத் துவாரம், கை எட்டும் தண்ணீர்: இவையும் கிளைடர் தேர்வின் பகுதிதான்.

எடை மையம்

இதில்தான் அனுபவமுள்ளவர்களும் தவறுகிறார்கள். காக்பிட்டில் ஒட்டியிருக்கும் குறைந்தபட்ச எடை, பல கிளைடர்களில் 70 கிலோ, வழக்கமான கால்கள் உள்ள உடலுக்கானது. கால்கள் முன்னால் நீண்டிருப்பதால் அவற்றின் எடை மூக்கைக் கீழே பிடிக்கிறது. கால் தசை மெலிந்தவருக்கு அந்தப் பிடிப்பு குறைவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாராசூட்டோடு உங்கள் எடை 72 கிலோ. கால்களில் இருக்க வேண்டிய 8 கிலோ உடற்பகுதியில் இருக்கிறது என்று வையுங்கள். கால்களின் மையம் உடற்பகுதியின் மையத்துக்கு அரை மீட்டர் முன்னால் என்றால் இழந்த திருப்புவிசை 8 பெருக்கல் 0.5, அதாவது 4 கிலோ-மீட்டர். இருக்கையின் நெம்புதூரம் 1.2 மீட்டர் என்றால் இது 3.3 கிலோ குறைந்ததற்குச் சமம். தராசு 72 காட்டினாலும் கிளைடருக்கு நீங்கள் 68.7 கிலோ, வரம்புக்குக் கீழே. தொடைக்கு மேல் கால்கள் நீக்கப்பட்டவருக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. எடை மையம் பின்னால் போனால் கிளைடர் தலையாட்டும், சுழலில் விழுந்தால் மீளாமல் போகலாம்.

எனவே உங்களை உட்கார வைத்தே எடை பார்க்க வேண்டும். கையேடு சொல்லும் மட்டத்தில் கிளைடரை நிறுத்தி, மூக்குச் சக்கரத்தின் கீழும் பிரதான சக்கரத்தின் கீழும் தராசு வையுங்கள். மூக்குச் சக்கரத்தின் சுமையை இரு சக்கரங்களின் இடைத்தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுத்து, வருவதை இறக்கை முன்விளிம்புக் குறியிலிருந்து பிரதான சக்கரம் உள்ள தூரத்திலிருந்து கழித்தால் எடை மையம். மூக்கு தரையைத் தொடாத கிளைடர்களில் வால் சக்கரத்தில் சுமை விழும், அங்கே வாலின் சுமையையும் தூரத்தையும் வைத்து அதே கணக்கு, கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். குறைவதை மூக்கில் எடைத்தகடு பொருத்தி ஈடுசெய்யலாம். அதற்கு இடமுள்ள கிளைடரைத் தேர்ந்தெடுங்கள். கை ரட்டரைப் பொருத்திய பிறகும் வெற்று எடையை மறுபடி எடுத்து ஆவணத்தில் பதிய வேண்டும்.

ஏறுவதும் வெளியேறுவதும்

சக்கர நாற்காலியின் இருக்கை உயரம் சுமார் 50 செ.மீ. காக்பிட் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். வித்தியாசம் ஒரு சாணுக்குள் இருந்தால் வழுக்குப் பலகை போதும், அதற்கு மேல் என்றால் தூக்கும் கருவி வேண்டும். பலகை கேனோபி சட்டத்தின் மேல் படியாமல் உடற்கூட்டின் உறுதியான விளிம்பில் அமர வேண்டும். கேனோபி முன்பக்கம் தூக்கித் திறந்தால் இரண்டு பக்கமும் ஏறலாம். பக்கவாட்டில் திறப்பது ஒரு பக்கத்தை அடைத்துவிடும், உங்கள் வலுவான கைக்கு எந்தப் பக்கம் ஏற்றது என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

வெளியேறுவதைத் தரையிலேயே ஒத்திகை பாருங்கள். பாராசூட் அணிந்து, கேனோபியைக் கழற்றி, பக்கத்தில் மெத்தை போட்டு, பெல்ட்டை அவிழ்த்து, கைகளால் உந்தி விளிம்பைத் தாண்டி விழ முடிகிறதா? ஆழமான காக்பிட், உயர்ந்த விளிம்பு என்றால் பலருக்கு முடியாது. கிளைடர் தயாரிக்கும் டிஜி நிறுவனம் உருவாக்கிய நோவா என்ற அமைப்பு இருக்கைக்கு அடியில் பையை அழுத்தக் காற்றால் ஊதி விமானியை விளிம்பு மட்டத்துக்கு உயர்த்திவிடும். உங்கள் வகைக்கு அது பொருந்துமானால் வேறு எந்த ஆடம்பரத்துக்கும் முன் அதற்குச் செலவிடுங்கள்.

காகிதங்கள்

கை ரட்டர் என்பது விமானத்தில் செய்யும் மாற்றம். தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்போ, விமானத் துறை அதிகாரம் மாற்றத்தை ஏற்றுத் தரும் துணை வகைச் சான்றோ இல்லாமல் பட்டறையில் பற்றவைத்த லீவரோடு விற்பனைக்கு வரும் கிளைடரைத் தொடாதீர்கள், காப்பீடும் நிற்காது. ஐரோப்பிய விதிகளில் உங்கள் மருத்துவச் சான்றில் ஏஎச்எல் என்ற குறியீடு வரலாம், அங்கீகரிக்கப்பட்ட கைக் கட்டுப்பாடுகளோடு மட்டும் செல்லும் என்று பொருள். அமெரிக்காவில் கிளைடர் ஓட்ட மருத்துவச் சான்றே தேவையில்லை, தகுதியைத் தானே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கழற்றி மாட்டும் வகை லீவரோடு பழைய கிளைடரை வாங்கினால் லீவரை இணைக்கும் பூட்டு ஊசிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊசியின் குமிழ் தேய்ந்திருந்தாலோ துளை நீள்வட்டமாகியிருந்தாலோ லீவரில் தளர்ச்சி இருக்கும், லீவர் நுனியை 1 செ.மீ. நகர்த்தினாலும் ரட்டர் அசையாமல் இருக்கலாம். பொருத்தும் வரைபடம், மாற்று ஊசி இரண்டு, பெடல் தடுப்புத் தகடு மூன்றும் கிளைடரோடு சேர்ந்து வருகின்றனவா என்று பணம் கொடுக்கும் முன் கேட்டு வாங்குங்கள்.